உமிழ்வுக்கேற்ற கார் வரி: நியாயமும் சூழலியல் பயனும்

எதை அளக்கிறது இந்த வரி

ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறக்குறைய 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு உண்டாகிறது. டீசல் என்றால் ஏறக்குறைய 2.7 கிலோ. எரிபொருளில் உள்ள கார்பன் காற்றின் ஆக்சிஜனோடு சேர்வதால்தான் வெளிவரும் வாயு எரிந்த எண்ணெயைவிட எடை கூடுதலாக இருக்கிறது. கார்களின் புகைக்குழாயில் இந்த வாயுவை வடிகட்டி நிறுத்தும் கருவி எதுவும் கிடையாது. ஆகவே காரின் கார்பன் உமிழ்வைக் குறைக்க வேண்டுமானால் அது குடிக்கும் எரிபொருளைக் குறைத்தாக வேண்டும். லிட்டருக்கு 19 கிலோமீட்டர் மைலேஜ் தரும் பெட்ரோல் கார் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 120 கிராம் உமிழ்கிறது. லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர்கூடத் தராத பெரிய கார் 240 கிராம் உமிழ்கிறது.

கிலோமீட்டருக்கு எத்தனை கிராம் என்ற இந்த எண்ணை வரிக்கு அடிப்படையாகக் கொள்வதே உமிழ்வு சார்ந்த கார் வரி. இது மூன்று வடிவங்களில் நடைமுறையில் உள்ளது. புதிய காரைப் பதிவு செய்யும்போது ஒரே முறை செலுத்துவது ஒன்று. ஆண்டுதோறும் செலுத்துவது இன்னொன்று. அதிகம் உமிழும் காருக்குக் கட்டணம் விதித்து, அந்தப் பணத்தைக் குறைவாக உமிழும் காருக்கு மானியமாகத் தருவது மூன்றாவது.

முன்பெல்லாம் என்ஜினின் கொள்ளளவு, குதிரைத்திறன், எடை, விலை ஆகியவற்றைப் பார்த்தே வரி போடப்பட்டது. பல நாடுகளில் இன்றும் அப்படித்தான். இந்தியாவில் 2025 செப்டம்பர் 22 முதல் நடப்பில் உள்ள ஜிஎஸ்டி, காரின் நீளம் 4 மீட்டருக்குள் இருக்கிறதா, என்ஜின் பெட்ரோலானால் 1,200 சிசிக்குள், டீசலானால் 1,500 சிசிக்குள் இருக்கிறதா என்று பார்த்து 18 அல்லது 40 சதவீதம் விதிக்கிறது. இத்தகைய அளவுகோல்கள் உமிழ்வோடு ஓரளவே ஒத்துப்போகும். ஒரே அளவு என்ஜின் கொண்ட இரண்டு கார்களில் ஒன்று எரிபொருளைச் சிக்கனமாகவும் மற்றது ஊதாரித்தனமாகவும் பயன்படுத்தினால், அந்த வேறுபாடு வரியில் தெரியாது.

கொள்கையின் வேர்

ஒருவர் செய்யும் செயலின் தீங்கு, அந்தச் செயலில் பங்கில்லாத மற்றவர் மீது விழுமானால், அத்தீங்கின் மதிப்பை வரியாக்கிச் செய்தவரிடமே வசூலிக்க வேண்டும் என்ற கருத்தை வகுத்தவர் கேம்பிரிட்ஜ் பொருளியலாளர் ஆர்தர் பிகூ. 1920-ல் வெளிவந்த அவருடைய நூலிலிருந்தே இன்றைய சூழல் வரிகளின் வாதம் தொடங்குகிறது. மாசுபடுத்துபவரே செலவை ஏற்க வேண்டும் என்ற நெறியை வளர்ந்த நாடுகளின் அமைப்பான ஓஇசிடி 1972-ல் ஏற்றது. 1992 ரியோ பிரகடனத்தின் 16-ஆம் நெறியும் அதையே சொல்கிறது.

இந்த நெறியை அப்படியே பின்பற்றினால் சரியான வரி கார் வரியாக இருக்காது, எரிபொருள் வரியாகத்தான் இருக்கும். கிலோமீட்டருக்கு 240 கிராம் உமிழும் கார் ஆண்டுக்கு 4,000 கிலோமீட்டர் ஓடினால் 960 கிலோ வாயு வெளியேறும். 120 கிராம் உமிழும் கார் 12,000 கிலோமீட்டர் ஓடினால் 1,440 கிலோ வெளியேறும். கார் வரி முதல் காருக்கு அதிகம் விதிக்கிறது. வளிமண்டலத்துக்கு அதிகத் தீங்கு செய்ததோ இரண்டாவது கார். எரிபொருள் வரி மட்டுமே ஒவ்வொரு லிட்டரையும் கணக்கில் எடுத்து, உமிழ்வுக்கு நேர் விகிதத்தில் பணம் வாங்குகிறது. கார் வரியை எதிர்ப்பவர்களின் வலுவான வாதம் இதுவே. அதற்குப் பதில் சொல்லாமல் இந்த வரியை ஆதரிக்க முடியாது.

எரிபொருள் வரி மட்டும் போதாதது ஏன்

முதல் பதில், வாங்குபவரின் கணக்கு பற்றியது. கடையில் நிற்கும்போது கண்ணில் படுவது காரின் விலை. அடுத்த பல ஆண்டுகளின் எரிபொருள் செலவைக் கூட்டிப் பார்த்து முடிவெடுப்பவர்கள் எத்தனை பேர் என்பதில் பொருளியலாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. பலர் அதைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்றால், எதிர்காலச் செலவின் ஒரு பகுதியை விலைப்பட்டியலிலேயே காட்டும் வரி அவர்களுக்கு உண்மையை முன்கூட்டியே சொல்கிறது.

இரண்டாவது பதில் இன்னும் உறுதியானது. ஒரு கார் பத்து, பதினைந்து ஆண்டுகள் ஓடுகிறது. பல கைகள் மாறுகிறது. அது எவ்வளவு எரிபொருள் குடிக்கும் என்பதை முடிவு செய்வது முதல் உரிமையாளரின் தேர்வு ஒன்றே. பின்னால் வருபவர்கள் சந்தையில் கிடைப்பதைத்தான் வாங்க முடியும். பிரிட்டனில் பதிவாகும் புதிய கார்களில் பாதிக்கு மேற்பட்டவை நிறுவனங்களின் பெயரில் பதிவாகின்றன. அங்கே காரைத் தேர்ந்தெடுப்பவர் ஒருவர், எரிபொருளுக்குப் பணம் தருபவர் இன்னொருவராக இருக்கலாம். சில ஆண்டுகள் கழித்து அந்தக் காரையும் அதன் எரிபொருள் செலவையும் ஏற்கப்போகும் குடும்பம் மூன்றாவது தரப்பு. முதல் பதிவின்போது விதிக்கப்படும் வரி, இந்தச் சங்கிலி முழுவதையும் தீர்மானிக்கும் இடத்தில் போய் நிற்கிறது.

மூன்றாவது பதில் அரசியல் சார்ந்தது. எரிபொருள் வரியைத் தேவையான அளவுக்கு உயர்த்துவது எந்த அரசுக்கும் எளிதாக இருந்ததில்லை. பிரிட்டனில் 2000 செப்டம்பரில் லாரிக்காரர்களும் விவசாயிகளும் எண்ணெய்க் கிடங்குகளை மறித்தார்கள். 2011-க்குப் பிறகு பத்தாண்டுக்கும் மேலாக அங்கே எரிபொருள் வரி உயரவே இல்லை; 2022-ல் லிட்டருக்கு 5 பென்ஸ் குறைந்தது. பிரான்சில் 2018 நவம்பரில் மஞ்சள் அங்கிப் போராட்டம் வெடிக்கத் தூண்டுதலாக இருந்தது எரிபொருள் வரி உயர்வு. பேருந்தும் ரயிலும் எட்டாத ஊர்களில் வாழ்பவர்கள், வேறு வழி தராமல் வரியை மட்டும் ஏற்றுவதை அநியாயம் என்றார்கள். அந்தக் குற்றச்சாட்டில் உண்மை இருந்தது.

பிரிட்டன் நடந்த பாதை

இந்த வரியின் வலிமையும் பலவீனமும் பிரிட்டனின் வரலாற்றில் தெளிவாகத் தெரிகின்றன. 1920-ஆம் ஆண்டின் சாலைகள் சட்டம் வாகன வரிப் பணத்தைச் சாலைகளுக்கான தனி நிதியில் சேர்த்தது. 1937-ல் அந்த நேரடித் தொடர்பு அறுந்து, வசூல் பொதுக் கருவூலத்துக்குப் போனது. மக்கள் பேச்சில் அதற்குச் சாலை வரி என்ற பெயர் நிலைத்தாலும், சாலையைப் பயன்படுத்துவதற்கான கூலி என்ற பொருள் அதற்கு அப்போதே போய்விட்டது. அந்த வெற்றிடத்தில்தான் உமிழ்வு என்ற புதிய நியாயம் நுழைந்தது.

2001 மார்ச் 1 முதல் பதிவான கார்களுக்கு ஆண்டு வரி உமிழ்வுப் படிநிலைகளின்படி விதிக்கப்பட்டது. அப்போது நிதியமைச்சர் கார்டன் பிரவுன். தொடக்கத்தில் படிநிலைகளுக்கு இடையே இருந்த வித்தியாசம் சிறியது. பல்லாயிரம் பவுண்டு விலையுள்ள காரை வாங்குபவரின் மனத்தை மாற்ற அது போதவில்லை. 2006-ல் கிலோமீட்டருக்கு 225 கிராமுக்கு மேல் உமிழும் கார்களுக்கென்று தனிப் படிநிலை வந்தது. 2009-ல் படிநிலைகள் பதின்மூன்றாயின. 2010 முதல் புதிய காரின் முதல் ஆண்டுக்குத் தனி வரி விதிக்கப்பட்டது. 255 கிராமுக்கு மேல் உமிழும் காருக்கு அது 950 பவுண்டு. அதே வரி 2017-ல் 2,000 பவுண்டாகவும் 2025 ஏப்ரலில் 5,490 பவுண்டாகவும் உயர்ந்தது. சுமை வாங்கும் தருணத்தை நோக்கிப் படிப்படியாக நகர்ந்த பாதை இது. அந்த நகர்வு சரியானதே.

பழைய கார் வைத்திருப்பவர்

அந்த நகர்வுக்கு முன் நடந்த ஒரு தவறு நியாயத்தின் எல்லையைத் துல்லியமாகக் காட்டுகிறது. 2008 மார்ச் வரவுசெலவுத் திட்டத்தில், புதிய படிநிலைகளின் உயர்ந்த விகிதங்களை 2001-க்குப் பிறகு பதிவான பழைய கார்களுக்கும் விதிக்க முன்மொழியப்பட்டது. 2006-ல் மிக உயர்ந்த படிநிலை வந்தபோது, அதற்கு முன் பதிவான கார்களுக்கு அதிலிருந்து விலக்கு தரப்பட்டிருந்தது; அந்த விலக்கும் நீங்கவிருந்தது. ஆளுங்கட்சி உறுப்பினர்களிடமிருந்தே எதிர்ப்பு கிளம்பியது. நவம்பரில் நிதியமைச்சர் அலிஸ்டர் டார்லிங் உயர்வைப் பெருமளவு குறைத்தார். பழைய கார்களுக்கான விலக்கும் நிலைத்தது.

எதிர்ப்பின் மையத்தில் இருந்த காரணம் எளியது. அந்தக் கார்கள் ஏற்கெனவே வாங்கப்பட்டுவிட்டன. அவற்றின் உரிமையாளர்களில் பலர் பெரிய குடும்பத்துக்காகப் பழைய பெரிய காரைக் குறைந்த விலைக்கு வாங்கியவர்கள். வரி கூடினால் காரின் மறுவிற்பனை விலை சரியும். விற்று வேறு கார் வாங்க நினைத்தாலும் இழப்பு அவர்களுடையதே. விற்கப்பட்ட கார் மறைந்து போவதும் இல்லை, இன்னொருவர் கையில் ஓடிக்கொண்டிருக்கும். ஏற்கெனவே முடிந்துபோன ஒரு தேர்வை எந்த வரியும் மாற்ற முடியாது. மிகப் பழைய கார்கள் சற்று முன்னதாக உடைப்புக்குப் போகலாம் என்ற சிறு பயனைத் தவிர, சூழலுக்கு அதனால் கிடைப்பது குறைவு. நியாயம் இல்லாத இடத்தில் சூழலியல் பயனும் இல்லை. இரண்டும் ஒன்றாகவே விழுகின்றன, ஏனென்றால் இரண்டும் வரி செலுத்துபவருக்கு இருக்கும் தேர்வுரிமையைச் சார்ந்தவை.

அயர்லாந்து இதே சிக்கலில் வேறு வழியில் மாட்டியது. 2008 ஜூலை 1-க்குப் பின் பதிவான கார்கள் உமிழ்வின்படியும், அதற்கு முன் பதிவானவை பழையபடி என்ஜின் கொள்ளளவின்படியும் ஆண்டு வரி செலுத்துகின்றன. அதனால் 2007-ல் பதிவான 2,000 சிசி காருக்கு ஆண்டுக்கு 710 யூரோ. 2012-ல் பதிவாகி, அதே கொள்ளளவு என்ஜினோடு 120 கிராம் உமிழும் காருக்கு 200 யூரோ. உமிழ்வில் உள்ள வேறுபாடு இவ்வளவு பெரிய இடைவெளியை நியாயப்படுத்தாது. புதிய கார் வாங்க வசதி உள்ளவர் குறைவாகவும், பழைய காரோடு காலம் தள்ளுபவர் அதிகமாகவும் செலுத்துகிறார்கள். பழைய கார்களை விட்டுவைப்பது மட்டும் நியாயம் ஆகிவிடாது என்பதற்கு இது சான்று.

அளவுகோலின் குறைகள்

அயர்லாந்தின் வரி தன் இலக்கை விரைவாகவே எட்டியது. புதிய கார்களின் சராசரி உமிழ்வு 2007-ல் 160 கிராமுக்கு மேல் இருந்தது. 2012-க்குள் 130-க்குக் கீழே வந்தது. ஆனால் அதன் பெரும்பகுதி டீசலால் வந்தது. புதிய கார்களில் நாலில் ஒரு பங்கை ஒட்டியிருந்த டீசல், அதே காலத்தில் பத்தில் ஏழு பங்கானது. டீசல் என்ஜின் கிலோமீட்டருக்குக் குறைந்த கார்பனை உமிழ்கிறது. கூடவே நைட்ரஜன் ஆக்சைடுகளையும் நுண்துகள்களையும் கூடுதலாக வெளியிடுகிறது. கார்பன் உலகம் முழுவதற்கும் பரவும் தீங்கு. நைட்ரஜன் ஆக்சைடு வெளியேறும் தெருவிலேயே மூச்சுக்குழலைத் தாக்கும் தீங்கு. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-ல் டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்தது. ஒரு மாசை மட்டும் அளந்து வரி போட்டதன் விலையை நகரத்தின் நெரிசலான சாலையோரங்களில் வாழ்ந்தவர்கள் கொடுத்தார்கள். பிரிட்டன் 2018 முதல் புதிய விதிகளை நிறைவு செய்யாத டீசல் கார்களை ஒரு படி மேலே ஏற்றியது. அயர்லாந்து 2020-ல் நைட்ரஜன் ஆக்சைடுக்குத் தனிக் கட்டணம் கொண்டுவந்தது.

இரண்டாவது குறை சோதனைக்கூடத்தில் இருந்தது. வரிக்கு அடிப்படையான எண் சாலையில் அளக்கப்பட்டது அல்ல. ஆய்வகத்தில் உருளைகள் மீது ஓடவிட்டு எடுக்கப்பட்டது. வரி அந்த எண்ணைச் சார்ந்தபோது, உற்பத்தியாளர்கள் சாலையைவிடச் சோதனையை மனத்தில் வைத்து வடிவமைத்தார்கள். ஐரோப்பாவில் சோதனை எண்ணுக்கும் உண்மை எரிபொருள் செலவுக்கும் இருந்த இடைவெளி 2001-ல் பத்து சதவீதத்துக்கும் குறைவு. 2015 வாக்கில் அது நாற்பது சதவீதத்தை ஒட்டி வந்தது. நைட்ரஜன் ஆக்சைடு சோதனையில் ஃபோக்ஸ்வாகன் மென்பொருளால் மோசடி செய்தது 2015 செப்டம்பரில் வெளியானது. 2017 முதல் கடுமையான புதிய சோதனை முறை வந்தது. ஆயினும் பிளக்-இன் ஹைபிரிட் கார்களில் இந்த இடைவெளி இன்றும் பெரிது. சார்ஜ் செய்யாமல் பெட்ரோலிலேயே ஓட்டப்படும்போது, தாளில் உள்ள சிறிய எண்ணுக்குப் பொருளே இல்லை.

மூன்றாவது குறை எல்லைக்கோடுகள். படிநிலை முறையில் ஒரு கிராம் வேறுபாடு பெரும் வரி வேறுபாடாகலாம். அதனால் கார்கள் கோட்டுக்குச் சற்றுக் கீழே குவிகின்றன. ஜெர்மனி 2009-ல், வரியற்ற அளவான 120 கிராமுக்கு மேல் ஒவ்வொரு கிராமுக்கும் 2 யூரோ என்று விதித்தது. ஒவ்வொரு கிராமும் சமமாக மதிக்கப்படுவதால் அது நேர்மையான முறை. வகைப்பாட்டில் உள்ள ஓட்டை இன்னும் பெரிய கேட்டை விளைவிக்கும். அமெரிக்கா 1978-ல் சட்டமாக்கிய எரிபொருள் விரயக் கார் வரி பயணிகள் கார்களுக்கு மட்டுமே பொருந்தும். இலகு டிரக் என்று வகைப்படுத்தப்பட்ட எஸ்யூவிகளும் பிக்கப்களும் அதிலிருந்து தப்பின. சந்தை அவற்றின் பக்கமே சாய்ந்தது.

மானியமும் மாற்று வழியும்

பிரான்ஸ் 2008 ஜனவரியில் கட்டணமும் மானியமும் இணைந்த முறையைத் தொடங்கியது. 250 கிராமுக்கு மேல் உமிழும் காருக்கு 2,600 யூரோ கட்டணம். 61 முதல் 100 கிராம் வரை உமிழும் காருக்கு 1,000 யூரோ மானியம். மக்கள் சிறிய கார்களின் பக்கம் நகர்ந்தார்கள். புதிய கார்களின் சராசரி உமிழ்வு குறைந்தது. ஆனால் மானியம் மலிவாக்கிய கார்களின் விற்பனை எதிர்பார்த்ததைவிடக் கூடியதால், அரசுக்கு வரவைவிடச் செலவு அதிகமானது. குறுகிய காலத்தில் மொத்த உமிழ்வு கூடியிருக்கும் என்று பிரெஞ்சுப் பொருளியலாளர்களின் ஆய்வு காட்டியது. சராசரி குறைந்தாலும் கார்களின் எண்ணிக்கையும் ஓட்டமும் கூடினால் மொத்தம் குறையாது. கார் வாங்கவே வசதியில்லாமல் பேருந்தில் போகும் குடும்பத்தின் வரிப்பணமும் அந்தப் பற்றாக்குறையை நிரப்புகிறது என்பது இதில் உள்ள இன்னோர் அநியாயம். நார்வேயில் புதிய கார்களில் பத்தில் ஒன்பது பங்கை மின்சாரக் கார்கள் எட்டியதற்கு வரி விலக்குகளே முக்கியக் காரணம். அங்கும் விலையுயர்ந்த கார்களுக்கு முழு விலக்கு தருவது நியாயமா என்ற கேள்வி எழுந்தது. 2023-ல் 5,00,000 குரோனருக்கு மேற்பட்ட விலைப்பகுதிக்கு மதிப்புக் கூட்டு வரி திரும்ப வந்தது.

நியூசிலாந்து இதே முறையை 2021 ஜூலையில் மானியத்தோடு தொடங்கி, 2022 ஏப்ரலில் கட்டணத்தைச் சேர்த்தது. விவசாயிகளும் கைவினைத் தொழிலாளர்களும் தங்கள் வேலை வண்டியான பிக்கப்புக்கு ஈடான மின்சார வண்டி சந்தையிலேயே இல்லை என்றார்கள். டிராக்டர்களோடு நகரங்களுக்குள் ஊர்வலம் வந்தார்கள். ஆட்சி மாறியதும், 2023 டிசம்பர் 31-ஆம் தேதியோடு திட்டம் முடிந்தது. மாற்று இருக்கும்போது வரி வழிகாட்டுகிறது. மாற்று இல்லாதபோது அது தண்டனையாகவே படுகிறது. பிரான்ஸ் தன் கட்டணத்தில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட குழந்தைகள் உள்ள குடும்பங்களுக்குச் சலுகை தருவது இதை உணர்ந்த ஏற்பாடு.

மின்சாரக் கார்களும் வரித்தளமும்

வெற்றி பெறும் உமிழ்வு வரி தன் வருவாயைத் தானே கரைத்துக்கொள்ளும். 2017 வாக்கில் புதிய கார்களில் முக்கால் பங்குக்கு மேல் முதல் ஆண்டில் வரியே செலுத்தாது என்று பிரிட்டனின் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் 2015-ல் அறிவித்தார். அதனால் 2017 ஏப்ரலுக்குப் பின் பதிவான கார்களுக்கு முதல் ஆண்டு மட்டும் உமிழ்வு வரி, பிறகு ஆண்டுக்கு 140 பவுண்டு சமவரி என்று முறை மாறியது. 40,000 பவுண்டுக்கு மேற்பட்ட விலையுள்ள கார்களுக்கு ஐந்து ஆண்டுகள் கூடுதல் வரி சேர்ந்தது. 2025 ஏப்ரல் முதல் மின்சாரக் கார்களும் ஆண்டு வரி செலுத்துகின்றன.

இதில் பின்வாங்கல் எதுவும் இல்லை. மின்சாரக் காரும் சாலையில் இடம் பிடிக்கிறது, நெரிசலைக் கூட்டுகிறது, டயர் தேய்மானத்தால் துகள்களை வெளியிடுகிறது. இத்தீங்குகளை உமிழ்வு எண் அளப்பதில்லை. ஓடும் தூரமும் எடையும்தான் அளக்கும். நியூசிலாந்து 2024 ஏப்ரல் முதல் மின்சாரக் கார்களிடம் 1,000 கிலோமீட்டருக்கு 76 டாலர் வசூலிக்கிறது. பிரான்ஸ் 2022 முதல் கனமான கார்களுக்கு எடைக் கட்டணம் சேர்த்திருக்கிறது.

நியாயமான வரிக்கு வேண்டியவை

இத்தனை நாடுகளின் அனுபவத்திலிருந்து சில நிபந்தனைகள் தெளிவாகின்றன. உமிழ்வுக்கான வரியின் பெரும்பகுதி, தேர்வு நிகழும் இடமான முதல் பதிவில் விழ வேண்டும். எந்த விகிதம் வரப்போகிறது என்பது ஆண்டுகளுக்கு முன்பே அறிவிக்கப்பட வேண்டும். ஏற்கெனவே வாங்கிய காரின் மீது முன்தேதியிட்டு ஏற்றக் கூடாது. ஒவ்வொரு கிராமுக்கும் ஒரே சீராக உயர வேண்டும். எந்த வகை வண்டியும் பெயரை மாற்றிக்கொண்டு தப்பக் கூடாது. கார்பனோடு நைட்ரஜன் ஆக்சைடும் எடையும் கணக்கில் வர வேண்டும்; எண்கள் சாலையில் சரிபார்க்கப்பட வேண்டும். ஓடும் தூரத்தின் சுமையை எரிபொருள் வரியும், மின்சாரக் கார்களுக்குக் கிலோமீட்டர் கட்டணமும் ஏற்க வேண்டும்.

வசூலாகும் பணம் எங்கே போகிறது என்பதும் நியாயத்தின் ஒரு பகுதி. கார் இல்லாத குடும்பத்தை இந்த வரி தொடுவதில்லை. கார் இல்லாமல் வேலைக்குப் போக முடியாத ஏழைக் குடும்பத்தை அது கடுமையாகத் தொடும். அந்தக் குடும்பத்துக்கு மறுபங்கீடாகவோ, அதன் ஊருக்கு வரும் பேருந்தாகவோ பணம் திரும்பினால், அதற்கும் ஒரு தேர்வு பிறக்கிறது. மாற்றிக்கொள்ள வழியுள்ளவரிடம் வாங்கி, வழியில்லாதவருக்கு வழியமைக்கும்போதுதான் மாசுபடுத்துபவரே செலவை ஏற்க வேண்டும் என்ற நெறி முழுமையடைகிறது.